ராணிக்குப் போர்த்திய துண்டுகள்

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. ராணி விழுந்தாச்சுல்லா? இப்ப மைக்குல பேரு வரும் பாருங்க."

மைக்கில் பெயர் எதுவும் வரவில்லை. விழுந்த ராணி அடுத்த நொடியே எழுந்து நின்றாள். ஈட்டியோடு ஒரு சேவகன் உள்ளே வந்து, மகாராஜா வருகிறார், பராக் என்றான்.

சிலுவை கடையிலிருந்த டிவிக்கு இன்னும் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"ஏ, விழுந்தவ எப்படி எந்திரிச்சா? நான் அங்கன அரை மணி நேரமுல்லா விழுந்து கெடந்து அழுதேன். ஒவ்வொருத்தரா மேடை ஏறி துண்டு போட்டாவ. அதெல்லாம் எங்க?"

"அறிவிப்பையெல்லாம் வெட்டிட்டேன் அண்ணே," என்றாள் முருகேஸ்வரி. சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நாடகம் அஞ்சு மணி நேரம் ஓடுது. ஒரு சிடில நாலு மணி நேரம்தான் மூஞ்சி தெரியுத மாதிரி ஏத்த முடியும். நடுவுல இன்னார் துண்டு போடுதாரு, இன்னார் சோடா வாங்கிக் குடுக்காருன்னு ஒரு மணி நேரம் சும்மா கெடந்துச்சு. அத எடுத்ததும் மிச்சம் அப்படியே உக்காந்துருச்சு."

சிலுவை அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். ஆள் பெரிய உருவம். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. மீசை எடுத்து ஒரு மாதம் ஆகியும் மேலுதடு சரியாக மூடவில்லை.

"எம் மாதாவே," என்றான். "கதைய வெட்டியிருந்தாக்கூட ஒண்ணுமில்ல தங்கச்சி. ராஜாவ வெட்டுங்க, சேவகன வெட்டுங்க, என்னையே வெட்டுங்க. அந்தப் பேரயா வெட்டுவிய? அதுலதான் என் பொழப்பே இருக்கு."

விஷயம் இதுதான். சிலுவை பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிற தோணி ஒன்றில் பண்டாரி, அதாவது சமையல்காரன். குசினி அவன் கையில். ஊர்த் திருவிழா நாடகத்தில் பல வருடமாக ஈட்டி பிடித்து நின்றவனுக்கு இந்த வருடம் ராணி வேடம் கிடைத்தது. அவன் ஊரில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். இதுவரை ராணியாக இருந்தவருக்கு முழங்கால் வலி. விழுந்தால் எழ முடியவில்லை. ராணி விழாமல் நாடகம் இல்லை. சிலுவை மீசையை எடுத்தான். ஒத்திகை ஒரு பக்கம், தோணி புறப்படுகிற நாள் ஒரு பக்கம். அவன் ஒத்திகைக்குப் போனான்.

தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். தண்டல் ஹென்றி முத்தையாபுரத்து இசக்கியப்பனைப் பண்டாரியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பயணம் முடிந்து தோணி திரும்பி, மறுபடியும் சரக்கு ஏற்றியாகிவிட்டது. இன்று சாயங்காலம் புறப்பாடு. இடம் கேட்டுப் போய் நின்ற சிலுவையிடம் ஹென்றி, "நாடகத்துக்குப் போனவன் நாடகத்துலயே இருலே" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு இரண்டு அடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"ஏலே, எம் பேர மைக்குல சொன்னாவளாமே?"

சொல்லியிருந்தார்கள். திருவிழா அன்று தோணிக்காரர்கள் எல்லோரும் கடலில். வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரில் மேடை ஏறி ராணிக்குத் துண்டு போர்த்தினார்கள். மைக்காரர் ஒவ்வொரு பெயராக நீட்டி முழக்கி வாசித்தார். அதை வீட்டில் சொல்லக் கேட்டது ஹென்றிக்குப் போதவில்லை. தன் பெயர் ஹார்ன் ஸ்பீக்கரில் எப்படி ஒலித்தது என்று தன் காதால் கேட்க வேண்டும்.

"அந்த வீடியோவ கொண்டா. நம்ம தோணி டிவில ஓடணும். எல்லா பயலுவளும் கேக்கட்டும். பொறவு உன்னப் பத்திப் பாப்போம்."

சிலுவை கேமராக்காரரிடமிருந்து முழு நாடகத்தையும் வாங்கி முருகேஸ்வரியிடம் கொண்டு வந்தது இதற்குத்தான். அவன் பெயர்களைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டு இலை போடச் சொல்கிறவன் சோறும் வை என்று தனியாகச் சொல்லுவானா?

முருகேஸ்வரியின் தொழிலுக்குச் சரியான பெயர் கிடையாது. போர்டில் அனுசியா வீடியோஸ் என்றிருக்கும். அனுசியா மகள்; கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்; கடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு வந்து எடுப்பீர்களா என்று கேட்டால் முருகேஸ்வரி இல்லை என்பாள். பழைய கேசட்டைப் புதுசாக மாற்றித் தருவீர்களா என்றால் அதுவும் இல்லை. அதற்கு நாலு கடை தள்ளி ஆள் இருக்கிறது. இவளிடம் வருவது எதிர்த்திசைச் சரக்கு. புது போனிலும் புது கேமராவிலும் எடுத்ததைப் பழைய பெட்டியில் ஓடும்படி செய்து தர வேண்டும். "ஊரெல்லாம் பழச புதுசாக்குது, எம் பொண்டாட்டி புதுச பழசாக்குதா" என்று புருஷன் வன்னியபெருமாள் சொல்லுவான். அவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அவனுடைய லாரியும் புதுசு இல்லை.

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங்கில் உட்கார்ந்தவள். ஒரு நாள் மினிபஸ் டிரைவர் பாண்டியராஜன் பென்டிரைவோடு வந்தார். பேத்தி காதுகுத்து வீடியோ, நீங்கள் எடுத்ததுதான், என் பஸ் டிவியில் ஓடவில்லை என்றார். பஸ் டிவி அரதப் பழசு. பெட்டியை மாத்துங்க அண்ணாச்சி என்றார் ஸ்டுடியோக்காரர்.

"பெட்டி பஸ் முதலாளிக்குள்ளது. பஸ்ஸும் அவருக்குள்ளது. பேத்தி மட்டுந்தான் எனக்குள்ளது," என்றார் பாண்டியராஜன். "மாத்துன்னா எத நான் மாத்த?"

முருகேஸ்வரி பென்டிரைவை வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனாள். ஏழெட்டு விதமாக மாற்றி, மினிபஸ்ஸிலேயே ஏறி ஏறிச் செருகிப் பார்த்தாள். முத்தையாபுரம் வரைக்கும் போய்த் திரும்பிய ஒரு நடையில் படம் வந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் யார் என்று தெரியாத பிள்ளையின் காதுகுத்தைப் பார்த்தார்கள். குழந்தை வீறிட்டு அழும்போது ஒரு அம்மாள் தன்னையறியாமல் காதைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஸ்டுடியோவில் அவள் ரொம்ப நாள் இருக்கவில்லை.

பழசின் மேல் அவளுக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. அவள் வீட்டில் சுவர் அகலத்துக்கு டிவி இருக்கிறது. ஊரில் மாற்ற முடியாத பெட்டிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு கண் ஆஸ்பத்திரியில் டிவியைச் சுவருக்குள் பதித்துச் சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்; எடுக்க வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் பெட்டியை மாற்ற அண்ணன் சம்மதித்தால் தம்பி சம்மதிப்பதில்லை. இப்படி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குடும்பக் கதை உண்டு.

கடைக்குள் ஒரு இரும்பு ராக். வாடிக்கைக்காரரிடம் என்ன பெட்டி இருக்கிறதோ அதே பெட்டி ஒன்றைக் காயலான் கடையில் தேடிப் பிடித்து அதில் அடுக்கி வைத்திருப்பாள். அதில் ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மினிபஸ் பெட்டிக்குத் தமிழில் பெயர் வைத்தால் வரிசையாகக் கேள்விக்குறி போடும். கண் ஆஸ்பத்திரிப் பெட்டி முதல் ஃபைலை எப்போதும் முழுங்கிவிடும்; அதற்கென்று வெறும் கறுப்பாக ஒரு துண்டு வீடியோவை முன்னால் போட்டு வைப்பாள், காக்காய்க்குச் சோறு வைக்கிற மாதிரி. தோணிப் பெட்டி, பஸ்ஸுக்கென்று திரையோடு சேர்த்துச் செய்த பழைய டிவிடி பிளேயர். பாட்டரியில் ஓடும். தோணிக்கு வாங்கிய புது டிவி இரண்டை உப்புக்காற்று தின்றுவிட்டது. இதை மட்டும் அதனால் தின்ன முடியவில்லை. ஆனால் பென்டிரைவ் செருகுகிற துளை பச்சை பூத்து அடைந்து போயிற்று. இப்போது சிடி மட்டும்தான் எடுக்கும். உண்மையில் அது டிவிடி. கடைக்கு வருகிறவர்களுக்கு வட்டமாகப் பளபளவென்று இருப்பதெல்லாம் சிடிதான். முருகேஸ்வரியும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்.

போனில் பார்த்தால் என்ன என்று அவள் முதலிலேயே கேட்டிருந்தாள்.

"போன்ல ஒருத்தன் பாப்பான் தங்கச்சி. நாங்க எட்டு பேரு. எட்டு தலையும் முட்டிக்கிட்டு நிக்கவா? அதோட தண்டலுக்கு போன்ல பாத்தா பாத்த மாதிரியே இருக்காது. டிவில வந்தாத்தான் அவருக்கு நடந்த மாதிரி."

இப்போது அவள் கையில் நாலு மணி நேர ராணி இருந்தாள். பெயர்கள் இல்லை.

"சரி அண்ணே, பதறாதிய," என்றாள். "முழு நாடகமும் கம்ப்யூட்டர்ல அப்படியே கெடக்கு. மறுபடியும் ஏத்திறலாம்."

ராக்கின் அடித்தட்டைத் துழாவினாள். எழுதாத சிடி ஒன்றே ஒன்று இருந்தது. இந்த ஊரில் இப்போது யாரும் அதை விற்பதில்லை. சென்னையிலிருந்து பார்சலில் வர வேண்டும்.

"ஒண்ணு போதும்," என்றான் சிலுவை. "அஞ்சு மணி நேரத்தையும் அமுக்கி ஏத்துங்க."

"அமுக்குனா மூஞ்சி போயிரும்."

"எவ்வளவு போகும்?"

ஒரு நிமிடத் துண்டை அமுக்கி மாற்றி, பெரிதாக்கிக் காட்டினாள். ராணியின் முகம் சதுரம் சதுரமாகப் பிரிந்து கிடந்தது, மொட்டை மாடியிலிருந்து பார்த்த உப்பளம் மாதிரி. பாத்தி பாத்தியாக இருந்த அந்த முகத்துக்குள் எங்கோ சிலுவை வாயைத் திறந்து மூடினான்.

"இது நானா?"

"நீங்கதான்."

"இதப் போட்டா தண்டல் என்ன நெனைப்பாரு? எவனோ நடிச்சிருக்கான், சிலுவ பேர போட்டுட்டு வந்துட்டான்னுல்லா சொல்லுவாரு."

"அதோட முழுசா மாத்தி ஏத்த சாயங்காலம் ஆயிரும் அண்ணே. தோணி போயிரும்."

சிலுவையின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, எடுக்காமல் சட்டைப் பைக்குள் போட்டான். தண்டல் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

முருகேஸ்வரிக்குத் தன் மேல் எரிச்சலாக இருந்தது. இருபது வருடமாக அவள் செய்வது வெட்டுகிற வேலை. கல்யாண வீடியோவில் பந்தியை வெட்டுவாள், வளைகாப்பில் காத்திருப்பதை வெட்டுவாள். சொந்த ஊர்க் கோயில் கொடையில் வரி கொடுத்தவர் பெயர் வாசிக்க ஆரம்பித்தால் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். மைக்கில் பெயர் வந்தால் கை தானாக வெட்டப் போகும். இவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"வெட்டினது எவ்வளவுன்னு பாப்போம்," என்று ஒதுக்கிப் போட்ட துண்டுகளைத் திறந்தாள். வேறென்ன செய்வது என்று தெரியாததால்தான் திறந்தாள்.

இறந்துபோன இளவரசனை மடியில் போட்டுக்கொண்டு ராணி கிடக்கிறாள். இளவரசன் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. ராணி வாயைத் திறந்து அழ ஆரம்பித்ததும் மைக்காரர் குறுக்கே வருகிறார்.

"ராணியார் வேடம் ஏற்று நம்மையெல்லாம் கண்ணீர்க் கடலில் ஆழ்த்திக்கொண்டிருக்கும் கலைஞர் சிலுவை அவர்களைப் பாராட்டி, தோணித் தொழிலாளி ஃபிராங்க்ளின் அவர்கள் சார்பாக, அவரது துணைவியார் கிளாடிஸ் அவர்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள்!"

பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் மேடை ஏறி, ராணியின் கழுத்தைச் சுற்றி ஒரு நீலத் துண்டைப் போட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்குகிறாள்.

"பொன்னாடையா இது?" என்றாள் முருகேஸ்வரி.

"மைக்காரருக்கு எல்லாத் துண்டும் பொன்னாடைதான். ஏ, கிளாடிஸப் பாத்தியளா, அவ சிரிக்கா! நான் உசுர விட்டு அழுதுட்டுக் கெடக்கேன், இவ சிரிக்கா!"

சிலுவை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டான்.

அடுத்த பெயர். அடுத்த துண்டு. ஒருவர் துண்டு போதாதென்று ராணிக்குச் சோடா கொடுத்தார். ராணி அழுகைக்கு நடுவில் பாதியைக் குடித்து மீதியைச் சேவகனிடம் கொடுத்தாள். ஒரு சிறிய பெண் அப்பா பெயரில் துண்டு போட வந்து, ராணியைப் போர்த்தப் பயந்து, பொம்மை இளவரசனுக்குப் போர்த்திவிட்டு ஓடிப்போனாள். கூட்டம் கைதட்டியது. பெயர்கள் ஏற ஏற ராணி உயர்ந்துகொண்டே போனாள். ஒரு கட்டத்தில் ராணி தெரியவில்லை. துண்டுக் குவியல் ஒன்று அழுதுகொண்டிருந்தது.

முருகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிலுவையும் சிரித்தான். கடைக்கு வெளியே பைக்கை நிறுத்தி யாருக்கோ காத்திருந்த ஒரு ஆள்கூட எட்டிப் பார்த்தார்.

கொஞ்சம் முன்னால் நாடக சிடியை ஓட்டிக் காட்டியபோது சிலுவை நடு நடுவே வெற்றிலைச் சுண்ணாம்பைத் துடைத்தான், வெளியே பார்த்தான், போனை எடுத்தான். இப்போது கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. முருகேஸ்வரி அதைக் கவனித்தாள்.

"அண்ணே," என்றாள். "நாடகம் ஒரு சிடில ஏற்கெனவே இருக்கு. இந்தப் பேரு மட்டும் வாரத இன்னொரு சிடில ஏத்திறவா? ஒரு மணி நேரந்தான். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். மூஞ்சியும் பளிச்சுனு இருக்கும்."

"பேரு மட்டுமா? கதை இல்லாமலா?"

"கதை அந்த சிடில."

"சோறு ஒரு வீட்டுல, கொழம்பு ஒரு வீட்டுலயா?"

"ரெண்டையும் கொண்டு போங்க. எத முதல்ல போடுவாவன்னு நெனைக்கிய?"

சிலுவை ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்தான்.

துண்டுகளைக் கோக்கிற வேலை தொடங்கியது. முருகேஸ்வரி வெட்டிய இடத்திலெல்லாம் முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டு எடுத்தாள். சிலுவை ஒவ்வொருவரும் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தான். இது ஜெஸ்லின், அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்தது. இது யாரென்று தெரியவில்லை, ஆனால் நல்ல துண்டு. இவர் துண்டு போட்டாரே தவிர பெயரை மைக்காரர் தப்பாகச் சொல்லிவிட்டார், மறுநாள் காலைவரை சண்டை. நடுவில் ஒரு இடத்தில் முருகேஸ்வரி நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லணும். மைக்காரர் பேசும்போதெல்லாம் நீங்க அழுதிருக்கிய. பேர வெட்டும்போது உங்க அழுகையும் சேந்து போயிருச்சு. நாடக சிடில ராணி பாதிதான் அழுதா."

"அது கெடக்கட்டும்," என்றான் சிலுவை. "அழுக அடுத்த வருசமும் அழுவேன்."

சிடி எழுதி முடிந்து வெளியே வந்தது. அதை அவள் தோணிப் பெட்டியின் ஜோடியில் போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம். துறைமுகத்தில் இன்னும் அனுமதி வரவில்லை. காத்திருக்கப் பொறுக்காமல் ஹென்றியே வந்துவிட்டார். வயதானவர், ஒல்லி, சட்டைப் பொத்தான் இரண்டு போடவில்லை.

"ஏலே சிலுவ, போன எடுக்க மாட்டியோ? ராணி போன எடுக்க மாட்டாவளோ?"

"இல்லண்ணே, சிடி சுத்திக்கிட்டு இருந்துச்சு..."

"எங்க, ஓட்டு. தோணில பயலுவ முன்னால போடுததுக்கு முந்தி நான் பாக்கணும்."

முருகேஸ்வரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஹென்றி உட்காரவில்லை. ஃபிராங்க்ளின் பெயர் வந்தது. கேட்டார். சோடா வந்தது. உதட்டைப் பிதுக்கினார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகத்தைச் சிலுவை பார்த்தான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்தின பெயர்களுக்கெல்லாம் கொடுக்காத ஒரு இழுப்பு இழுத்து ஆரம்பித்தார்.

"அலைகடலைத் தன் கைக்குள் அடக்கி ஆண்டுவரும், நமது ஊரின் பெருமைக்குரிய மைந்தர், தண்டல் ஹென்றி அவர்கள் சார்பாக, அவரது துணைவியார் விக்டோரியா அவர்கள், ராணியாருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்!"

ஹென்றி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மறுபடி போடு தாயி."

போட்டாள். அலைகடலைத் தன் கைக்குள் அடக்கி. ஹென்றி இரண்டாவது முறை கேட்கும்போது கண்ணை மூடியிருந்தார்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது முறை கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்து டிவியிடம் போய், விரலால் திரையைத் தொட்டார். விக்டோரியா ராணியின் மேல் விரிக்கிற துண்டு அகலமாக, மஞ்சளாக இருந்தது. அதில் ஒரு ஆமை நீந்தியது.

"ஏலே! இது எந்துண்டுல்லா!"

சிலுவை தலையைச் சொறிந்தான்.

"மாலத்தீவுல நான் வாங்குன துண்டுலே! அத தேடி தோணியவே கவுத்துப் போட்டுட்டேன். அந்த இசக்கியப்பந்தான் அமுக்கிட்டான்னு போன நடை பூரா அவங்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. பச்சப் பயல, அவன் குழம்பு ஊத்த வந்தாக்கூட தட்ட இழுத்தேன். இவ பெட்டியத் தொறந்து எடுத்து உனக்குப் போத்திருக்காளா?"

"வீட்டுல மடிச்சு வச்சிருக்கேண்ணே. கொண்டு வந்து தந்துருதேன்."

"சீ!" என்றார் ஹென்றி. "மேடையில போத்துனத திருப்பி வாங்கவா? ஊரு கேட்டுச்சு, மைக்கு சொல்லிச்சு. அது உனக்குள்ளது."

அந்தக் கரையில் போர்த்திய துண்டைத் திருப்பிக் கேட்டவர் கிடையாது. திரையில் ஆமை ராணியின் முதுகில் கிடந்தது. ஹென்றி அதையே பார்த்தார். முகத்தில் ஒரு பக்கம் அலைகடலை அடக்கிய பெருமை. இன்னொரு பக்கம் துண்டு.

"நல்ல துண்டு," என்றார் கடைசியில். "காத்து அடிச்சா போத்திக்கிட்டுப் படுக்கலாம். ஊர்ல பெட்டிக்குள்ள கெடந்து அதுக்கு என்ன பிரயோஜனம்? தோணிக்குக் கொண்டா."

"துண்ட மட்டுமா அண்ணே?"

"துண்டு தானா நடந்து வருமாலே?"

சிலுவை முருகேஸ்வரியைப் பார்த்தான். முருகேஸ்வரி சிடியைப் பார்த்தாள்.

"குசினி?" என்று மெதுவாகக் கேட்டான் சிலுவை.

"குசினி கிசினி கிடையாது. ஒண்ணுந்தெரியாத பயல சந்தேகப்பட்டாச்சு. இப்ப அவன எறக்கிவிட்டா நல்லாவா இருக்கும்? இந்த நடை நீ மேல நின்னு கயிறு பிடி. ஏஜெண்டுட்ட சொல்லி உன் பேர ஏத்தச் சொல்லுதேன். இசக்கியப்பன் வைக்கிற குழம்ப ஒரு நடை தின்னு பாரு. பொறவு நாடகம்னு எவனும் கூப்பிட்டா நீயே வாய மூடச் சொல்லுவ."

"அப்படியா வைப்பான்?"

"புளி எங்கயோ, மீன் எங்கயோ."

ஹென்றி இரண்டு சிடியையும் வாங்கிக்கொண்டார். எது நாடகம், எது பெயர் என்று கேட்டார். முருகேஸ்வரி மேலே எழுதியிருந்ததைக் காட்டினாள். நாடகம் உள்ளதைச் சிலுவையிடம் கொடுத்துவிட்டு, பெயர் உள்ளதைத் தன் சட்டைக்குள் வைத்து, போடாமல் விட்டிருந்த இரண்டு பொத்தானையும் போட்டார். சிலுவை பைக்கின் பின்னால் ஏறினான். பைக் கொஞ்சம் அமுங்கியது. வீட்டு வழியாகப் போய்த் துணிப்பையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் முருகேஸ்வரி வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். தோணி முந்தின சாயங்காலமே போய்விட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். காலையில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து சொட்டு மருந்து போடும் முறை பற்றி ஒரு வீடியோ வந்தது. மாற்றிக் கொடுத்தாள். மத்தியானம் விக்டோரியா வந்து, பெயர் வாசிக்கிறதைத் தன் போனில் ஏற்றித் தரக் கேட்டாள். போனுக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை, அப்படியே அனுப்பினாள். விக்டோரியா வாசலில் நின்று தன் பாகத்தை மட்டும் இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போனாள். துண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கரண்ட் போய், நாலு மணிக்கு மேல் வந்தது. வன்னியபெருமாள் ஆறு மணிக்கு லாரியை விட்டுவிட்டு வந்தான். இருவரும் மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.